இருபது நிமிட மழை

அக்காவுக்கு மாடு என்றால் பயம். எனக்கு அவள் பெரியம்மா மகள். பெரியப்பா பஸ் டிரைவர் என்பதால், டிப்போவுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில்தான் அவள் வளர்ந்தாள். டீசல் வாசனை தெரியும், சாணி வாசனை தெரியாது. அப்படிப்பட்டவளைப் பதினோரு ஏக்கர் நிலமும் பத்தொன்பது மாடுகளும் வைத்திருந்தவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். போன முதல் வாரமே தொழுவத்தில் ஒரு மாடு சாவகாசமாக அவள் புறங்கழுத்தை நக்கிவிட்டது. அக்கா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்று கத்தியிருக்கிறாள். ஓடி வந்த அவள் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, அவளை இறக்கிவிடாமல் வைக்கோல்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "அன்னைக்கே பெட்டிய தூக்கிட்டுத் திரும்பி வந்திருக்கணும்டி" என்று அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது அவளும் சிரிப்பாள்.

திரும்பி வரவில்லை. பத்து வருஷத்தில், அடுப்படியில் நின்றபடியே குளம்புச் சத்தத்தை வைத்து எந்த மாடு நொண்டுகிறது என்று சொல்லுமளவுக்கு ஆகிவிட்டாள். தகரக் கூரை போட்ட மூன்று அறை வீடு அது. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் தொழுவம். அதற்கப்பால் மாமா தன் கையால் நட்ட இருநூறு எலுமிச்சை மரங்கள். அதையும் தாண்டி, மாட்டுத் தீவனத்துக்காக விதைக்கிற சோளக் காடு. நடுவில் ஐம்பதடிக் கிணறு, பக்கத்தில் மோட்டார் அறை. ஒரே மகள், நர்சிங் படிக்க வெளியூர் விடுதிக்குப் போய்விட்டாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

வறட்சி ஒரே நாளில் வரவில்லை. முதல் வருஷம் மழை பிந்தியது, வந்ததும் அரைகுறையாக வந்தது. "அடுத்த வருஷம் சேத்து வச்சுக் கொட்டும் பாரு" என்றார் மாமா. அடுத்த வருஷம் தூறலோடு நின்றுபோனது. மூன்றாவது வருஷம் வானத்தைப் பார்க்கிற பழக்கத்தையே எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

மோட்டார் சத்தம் மாறியதை முதலில் கவனித்தவள் அக்காதான். ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது, காற்றை இழுத்து இருமத் தொடங்கியது. மாமா ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். நாலு மணி நேரம் விட்டுப் போட்டால் கால் மணி நேரம் தண்ணீர் வரும். பிறகு அது பத்து நிமிடமானது. ஒரு நாள் குழாயிலிருந்து செம்மண் குழம்பு இரண்டு தடவை கொப்பளித்து நின்றது. அதற்குப் பிறகு சுவிட்சைப் போடவே இல்லை. ஆனாலும் மாமா தினமும் காலையில் போய் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

பதினாலு கிலோமீட்டர் தள்ளி, கைவிட்டுப்போன ஒரு கல்குவாரியில் தண்ணீர் தேங்கியிருந்தது. டிராக்டரில் டேங்கரை மாட்டிக்கொண்டு போய் எடுத்து வரலாம். மாமாவுக்கு முதுகுத்தண்டில் வட்டு விலகியிருந்தது. மேடு பள்ளத்தில் டிராக்டரில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் இறங்க முடியாது. அதனால் அக்கா ஓட்டினாள். டிப்போவில் வளர்ந்ததற்கு அப்போதுதான் பலன் கிடைத்தது. குவாரிச் சரிவில் பின்னால் டேங்கரோடு ரிவர்ஸ் எடுக்க ஆம்பிளைகள் இரண்டு மூன்று தடவை தடுமாறும் இடத்தில், அவள் ஒரே தடவையில் கொண்டுபோய் நிறுத்துவாள். வரிசையில் நின்றவர்கள், "அக்கா, எங்க வண்டியையும் கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நாளுக்கு இரண்டு நடை. வீட்டில் குளித்த தண்ணீரைப் பிடித்து வைத்துத் துணி துவைத்தார்கள், துவைத்த தண்ணீரில் தரை துடைத்தார்கள். நான் போயிருந்தபோது பழக்க தோஷத்தில் டம்ளரைக் கழுவி, தண்ணீரை வெளியே வீசிவிட்டேன். அந்த ஈரம் மண்ணில் காய்கிற வரை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அறை வாங்கியது போல இருந்தது.

இரண்டு நடைத் தண்ணீர் மாட்டுக்கும் வீட்டுக்கும்தான் காணும். மரத்துக்குக் கிடையாது. இதை யார் வாய்விட்டுச் சொல்வது என்றுதான் இருவரும் ஒரு மாதம் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் மாமாவே ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனார். இலையும் கிளையும் இருந்தால்தானே மரம் தண்ணீர் கேட்கும், எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் அடிமரமாவது உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு நாளைக்கு இருபது மரம். இடுப்பளவு அடிமரத்தை விட்டுவிட்டு மேலே உள்ளதை அறுத்துத் தள்ளி, வெயில் பட்டையைப் பிளக்காமல் இருக்கச் சுண்ணாம்பு பூசினார். பத்தாம் நாள் முடிந்தபோது அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் அடிவானம் வரை தெரிந்தது. அக்கா அந்த ஜன்னலை அதன் பிறகு பாதிதான் திறப்பாள்.

மாடுகளை முன்பே விற்றிருக்க வேண்டும். இரண்டாவது வருஷ முடிவில் வியாபாரி வந்தபோது மாமா, "இன்னும் ஒரு மாசம் பாப்போம்" என்றார். அக்காவும் வற்புறுத்தவில்லை. மூன்றாவது வருஷம் எல்லாத் தொழுவங்களிலிருந்தும் மாடுகள் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. விலா எலும்பு தெரிகிற மாட்டை யார் வாங்குவார்கள்? ஏழு மாடுகளைக் கிடைத்ததற்குத் தள்ளிவிட்டார்கள். லாரி கிளம்பும்போது மாமா வீட்டுக்குள் போய் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

மீதி பன்னிரண்டு. அதில் ஒன்றுக்கு டீச்சர் என்று பெயர். எங்கே போனாலும் முன்னால் நடந்து, வளைவில் நின்று திரும்பி, மற்ற மாடுகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பார்க்கும். அக்காவின் கழுத்தை நக்கியதே இதனுடைய தாய்தான். டீச்சர் அப்போது ஆறு மாதச் சினை.

மாமா பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்டதற்கு மட்டும் பதில், பிறகு அதுவும் தலையாட்டலோடு சரி. மகள் போன் செய்தால், "அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவார். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நின்றவளைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த மனுஷர் இவர்தானா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

அந்த மழை பெய்த அன்று நான் அங்கே இருந்தேன். பிற்பகல் மூன்று மணி இருக்கும். தகரத்தில் கூழாங்கல் விழுவது போல நாலைந்து சத்தம். பிறகு கொட்டியது. அக்கா குடம், அண்டா, வாளி, சோற்றுப் பானை என்று கையில் கிடைத்ததையெல்லாம் கூரை விளிம்புக்குக் கீழே வைத்தாள். நான் என் பங்குக்கு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தேன். மாமா முற்றத்தில் சட்டையோடு நின்று நனைந்தார். முகத்தை மேலே தூக்கவில்லை, குனிந்து மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடத்தில் நின்றுவிட்டது. அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் குத்திப் பார்த்து, "ஒரு விரக்கடை இறங்கியிருக்கு" என்றார். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாள் காலையில் நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். இனிமேல் சொல்வதெல்லாம் அக்கா என்னிடம் பிறகு சொன்னது.

எட்டாம் நாள் சோளக் காடு பச்சை கட்டியது. காய்ந்து கருகிய பழைய தட்டையின் அடியிலிருந்து குருத்து விட்டு, முழங்காலுக்குக் கீழே வரை வந்துவிட்டது. மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும்: வாடிக் கிடந்த சோளம் மழைக்குப் பிறகு விடுகிற இளங்குருத்தில் விஷம் இருக்கும். நாலு வாய் மேய்ந்தால் போதும். மாமா காட்டைச் சுற்றிக் கம்பி வேலியைச் சரிபார்த்து, இரண்டு பக்கக் கதவுகளையும் கம்பியால் முறுக்கிக் கட்டினார். "கொஞ்சம் வளரட்டும். அதுவரைக்கும் ஒரு மாடும் இந்தப் பக்கம் வரக் கூடாது" என்று அக்காவிடம் இரண்டு தடவை சொன்னார். பல மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் மாமா காட்டுக்குள் போய்க் குருத்துகளைப் பார்த்துவிட்டு வந்து, முதுகு வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். பதினோரு மணிக்கு அக்கா முதல் நடைத் தண்ணீரோடு வந்தாள். குவாரியில் வரிசை நீளம்; நேரமாகிவிட்டிருந்தது. சுற்றுப் பாதையில் வராமல் சோளக் காட்டின் ஓரமாகக் குறுக்கே வந்தால் கால்மணி நேரம் மிச்சம். சாலைப் பக்கக் கதவு வழியாக நுழைந்து, அதைச் சாத்திவிட்டு, காட்டைக் கடந்து தொழுவத்துப் பக்கக் கதவைத் திறந்து, டிராக்டரை வெளியே எடுத்து, திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள். ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்து வலது கை விரல்கள் மடங்க மறுத்தன. கம்பியை முறுக்காமல் சும்மா கொக்கி மாதிரி மாட்டினாள். தண்ணீரை இறக்கிவிட்டு வந்து முறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

தண்ணீர் இறக்கும்போது குழாய் இணைப்பு கழன்றுகொண்டது. அதைத் துணி சுற்றி இறுக்கி, ஒழுகியதை வாளியில் பிடித்து, மறுபடி மாட்டி முடிக்க அரைமணி நேரம். கதவு ஞாபகத்திலிருந்து போய்விட்டது.

முதலில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சாக்கு மூட்டையை மேலிருந்து போட்டது மாதிரி. அக்கா திரும்பிப் பார்த்தபோது கதவைத் தள்ளிக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தன ஏழு மாடுகள். ஒன்று பக்கவாட்டில் கிடந்து கால்களை உதைத்தது. இன்னொன்று போதையில் நடப்பதுபோல் நாலடி எடுத்து வைத்து முன்னங்கால் மடிந்து விழுந்தது. வாயில் நுரை. டீச்சர் நின்றுகொண்டு, மூச்சு முட்ட, கழுத்தை நீட்டி நீட்டி இழுத்தது. அக்கா கத்திக்கொண்டே ஓடினாள். குச்சியால் அடித்துத் துரத்தியதில் இரண்டு வெளியே வந்தன. சத்தம் கேட்டு மாமா வெறுங்காலோடு ஓடி வந்தார்.

மாட்டு டாக்டர் பைக்கில் வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்த இரண்டுக்கும் ஊசி போட்டு, மருந்தைக் கரைத்து ஊற்றிக் காப்பாற்றினார். மற்ற ஐந்தும் அவர் வருவதற்குள் முடிந்திருந்தன. டீச்சரின் வயிற்றில் அவர் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார். "கன்னுக்குட்டியும் இல்லைங்க" என்றார்.

மாமா வேலிக் கதவருகே போய் நின்றார். கம்பி தரையில் கிடந்தது.

"நான்தான். காலையில உள்ள போனேன்ல. முறுக்கினேனா இல்லையான்னு ஞாபகமே இல்ல" என்றார். டாக்டரிடமும் சொன்னார், பக்கத்து நிலத்துக்காரரிடமும் சொன்னார். "நான்தான் கதவை விட்டுட்டேன்."

அக்கா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"ஏன் சொல்லலே?" என்று ரொம்ப நாள் கழித்து நான் கேட்டேன்.

"சொல்லணும்னுதான்டி இருந்தேன். டாக்டர் போகட்டும்னு பாத்தேன். அப்புறம் புதைக்க ஆளுங்க வந்துட்டாங்க. அப்புறம் சாப்பிட்ட பிறகுன்னு நினைச்சேன், அவரு சாப்பிடல. மறுநாள் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நேத்தே சொல்லாதவ இன்னைக்கு எப்படிச் சொல்லுவா?"

மண் இரும்பாக இருந்ததால் கையால் குழி வெட்ட முடியவில்லை. பொக்லைன் வரவழைத்துத்தான் வெட்டினார்கள். பொக்லைன்காரர் ஒரே குழியாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார். மாமா டீச்சர் கிடந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி, காலால் தனியாக ஒரு கோடு கிழித்துக் காட்டினார்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து மாமா கடப்பாரையோடு கிணற்றுக்குள் இறங்க ஆரம்பித்தார். "நாலடி தோண்டினா ஊத்துக் கண் தெறக்கும்" என்றார். உடைத்த கல்லையும் மண்ணையும் மேலே இழுக்க ஆள் கிடையாது. தோண்டியதைப் பக்கத்திலேயே குவித்து வைத்தார். முதுகு வலிக்காரர், கிணற்றுச் சுவரில் பதித்த இரும்புப் படியில் காலையில் இறங்கிச் சாயங்காலம் ஏறுவார். அக்கா சாப்பாட்டைத் தூக்குச் சட்டியில் வைத்துக் கயிற்றில் இறக்குவாள். பாதி திரும்பி வரும். பிறகு அப்படியே திரும்பி வந்தது.

ஒன்பதாம் நாள் மதியம் அவள் தூக்கோடு கிணற்றுக்குப் போனாள். உள்ளேயிருந்து கடப்பாரைச் சத்தம் வரவில்லை. கிணற்று மேட்டில் மாமாவின் செருப்பு இருந்தது. செருப்புக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடி, மடித்து வைத்த துண்டு, போன், கல்யாணத்திலிருந்து அவர் கழற்றியே அறியாத கைக்கடிகாரம். எல்லாம் ஒரே வரிசையில்.

அக்காவின் கையிலிருந்து தூக்கு நழுவியது. "என்னங்க!" என்று கூப்பிட்டாள்.

மறுபடி கூப்பிட்டாள்.

"நீ போ" என்று குரல் வந்தது.

அந்தக் கிணற்றுக்குள் அவள் இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட இறங்கியதில்லை. புடவையை வரிந்து செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். பாதியில் ஒரு படி ஆடியது. சுவரோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலால் தடவித் தடவி இறங்கினாள். அடியில் மாமா ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கடப்பாரை சுவரில் சாய்ந்திருந்தது. அன்று அவர் ஒரு கல்லைக்கூட உடைக்கவில்லை. படி முடிகிற இடத்தில் மாட்டுக் கயிறு ஒன்று சுருட்டி வைத்திருந்தது.

"எதுக்கு இறங்கின? நடுப் படி ஆடும்" என்றார் மாமா.

"நீங்க எதுக்கு வாட்சைக் கழட்டி வச்சீங்க?"

மேலே வட்டமாக வெள்ளை வானம்.

"சாப்பிட வாங்க."

"அஞ்சு உயிரு. வயித்துல இருந்ததோட ஆறு. என் கையால."

"உங்க கையால இல்ல."

"ஆறுதல் சொல்லாத. எனக்கு வேணாம்."

"ஆறுதல் இல்லங்க. கதவை விட்டது நான். தண்ணி வண்டிய குறுக்கால கொண்டாந்தேன். கை மரத்துப்போச்சு, கம்பிய முறுக்கல. அப்புறமா முறுக்கலாம்னு வந்தவ மறந்துட்டேன். நீங்க காலையிலயே ஒழுங்காதான் கட்டியிருந்தீங்க. நான் அவுக்கும்போது மூணு முறுக்கு இருந்துச்சு."

மாமா அவளைப் பார்த்தார்.

"மூணு முறுக்கா?"

"மூணு."

"ஒம்பது நாளு" என்றார். முதலில் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு எழுந்தார். "ஒம்பது நாளா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு சோறு இறக்கினியா? ஊரெல்லாம் நான்தான் கொன்னேன் நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன், பக்கத்துலயே நின்னுக்கிட்டுக் கேட்டியே! மனுஷியா நீ?"

அதற்கு மேல் அவர் சொன்னதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. "இருக்கட்டும், அது எங்களுக்குள்ள" என்றுவிட்டாள். கிணற்றுச் சுவரில் மோதிக் குரல் இரண்டு மடங்காகக் கேட்டதாம். பக்கத்து நிலத்துக்காரர், யாரோ உள்ளே விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, கயிற்றோடு ஓடி வந்திருக்கிறார். மாமா திட்டிக்கொண்டே படியேறினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு. அக்கா கீழேயே நின்றாள். பாதி ஏறியவர், குனிந்து, "ஆடுற படில கால் வைக்காத, அதைத் தாண்டி ஏறு" என்று கத்திவிட்டு மறுபடி திட்ட ஆரம்பித்தார். மேலே போய்க் கீழே கிடந்த தூக்கை எட்டி உதைத்தார். பக்கத்து நிலத்துக்காரரையும் நாலு வார்த்தை சொன்னார், அந்த மனுஷர் என்ன பாவம் செய்தாரோ. செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா வாட்ச், கண்ணாடி எல்லாவற்றையும் துண்டில் கட்டி எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

அதன் பிறகு இரண்டரை மாதம் அவர் அவளோடு பேசவில்லை. முன்பு யாரிடமும் பேசாதவர், இப்போது அவளைத் தவிர எல்லோரிடமும் பேசினார். மகளிடம் போனில் பேசினார். மாடுகளிடம், "இங்க ஒருத்திகிட்ட சொல்லு, தவிடு தீந்துபோச்சுன்னு" என்பார், அக்கா காதில் விழும்படி. மகள் லீவு போட்டு வந்து பதினைந்து நாள் இருந்தாள். என்ன சண்டை என்று இருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. கிணற்றில் யாரும் இறங்க முடியாதபடி, மேலே இருந்த நாலு இரும்புப் படிகளை மட்டும் அக்கா யாருக்கும் தெரியாமல் வெல்டிங்காரரை விட்டு அறுத்தெடுத்தாள்.

"கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"திட்டட்டும். பேசாம இருக்கட்டும். ஆளு மேல வந்துட்டாருல்ல" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குவாரித் தண்ணீரும் கலங்கி, பாசி பிடித்து, கடைசியில் மோட்டார் இறக்க முடியாத ஆழத்துக்குப் போனது. இன்னும் தூரமாகப் போக வேண்டியிருந்தது. மூன்று மாடுகளைக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் அவள் டிராக்டரைக் கிளப்பும்போது மாமா தொழுவத்திலிருந்து வெளியே வந்தார்.

"பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு. அப்படியே ஓட்டாத."

அவ்வளவுதான். அக்கா இறங்கிக் காற்றுப் பம்பை எடுத்தாள். முனை வால்வில் உட்காரவே இல்லை. மாமா வந்து பிடித்துக்கொண்டார்.

உண்மையான மழை அதற்கு ஏழு மாதம் கழித்து வந்தது. ஆறு நாள் விடாமல் பெய்தது. கிணறு நிரம்ப அடுத்த வருஷமாயிற்று. இருநூறு எலுமிச்சையில் அறுபத்தெட்டு துளிர்த்தன. மாமா பட்டுப்போனவற்றை வேரோடு பிடுங்கி விறகாக அடுக்கினார். அந்த ஐந்து மாடுகளைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரு தடவை நான் தெரியாத்தனமாக மாமாவிடம் கேட்டுவிட்டேன், அக்காமேல் இன்னும் கோபமா என்று. "டீ ஆறிடுச்சு பாரு, குடி" என்றார்.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. போன வருஷம் மறுபடி மழை தள்ளிப்போனது. நாலு மாதம் ஒரு சொட்டு இல்லை. கிணற்றில் இன்னும் பன்னிரண்டு அடி தண்ணீர் இருந்தது, தீவனமும் இருந்தது. ஒரு மத்தியானம் மாமா சாப்பிட்டுக்கொண்டே, "குடுத்துடலாமா?" என்றார். அக்கா, "குடுத்துடலாம்" என்றாள். எதை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மாடுகள் நல்ல சதைப்பிடிப்போடு இருந்ததால் வியாபாரி மறுநாளே லாரியோடு வந்தான். மிஞ்சிய நாலு மாடுகள் ஈன்று ஒன்பதாகியிருந்தன; ஒன்பதும் ஏறின. இந்த முறை மாமா ரேடியோ வைக்கவில்லை. இரண்டு பேரும் முற்றத்திலேயே நின்று, லாரி சாலையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டாம் நாள் மழை வந்தது. அந்த வருஷம் குறைவில்லாமல் பெய்தது. பக்கத்து நிலத்துக்காரர், "அவசரப்பட்டுட்டீங்களே" என்று வருத்தப்பட்டார். ஆமாம் என்று தலையாட்டினார்கள். தொழுவத்தைக் கழுவி விட்டு, இப்போது அதில் உர மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாடு வாங்கவில்லை.